கூலன்ட்: பச்சையோடு பிங்க் சேரலாமா?

கேள்வி: என் பைக்கில் பச்சை கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கிறது. கடையில் பிங்க் நிறம்தான் கிடைத்தது. கலந்து ஊற்றலாமா?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள். அது வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். எத்திலீன் கிளைக்கால், அலுமினிய இன்ஜினுக்கு ஏற்றது, சிலிக்கேட் இல்லாதது என்று இருந்தால் பெரும்பாலான பைக்குகளுக்குச் சரி. இறுதி வார்த்தை ஓனர்ஸ் மேனுவலுடையது. சிலிக்கேட் உள்ளதையும் ஓஏடி (OAT, கரிம அமிலத்தால் துருவைத் தடுப்பது) வகையையும் கலந்தால் துருத்தடுப்பு வலுவிழக்கும். சில கலவைகள் கூழாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

வகை தெரியவில்லையா? முழுவதும் மாற்றிவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். வாட்டர் பம்ப் அடியிலுள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி வடியுங்கள். கூலன்ட் ரிசர்வ் டேங்கை மறக்காதீர்கள், பலர் விடுவது அதைத்தான். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஃபேன் ஓடும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர். புது கூலன்ட் நிரப்பும்போது வண்டியை இருபக்கமும் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

கேள்வி: பம்ப் அடியில் சின்ன ஓட்டை வழியே கூலன்ட் சொட்டுகிறது. எம்-சீல் வைத்து அடைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! பம்ப்பில் கூலன்ட் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்ததைக் காட்டத்தான் அந்த ஓட்டை. அடைத்தால் கூலன்ட் ஆயிலுக்குள் போகும். ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறும், பேரிங் போகும். அந்த மெக்கானிக்கல் சீலை மாற்றுங்கள். சொட்டியதைத் துடைத்தும்விடுங்கள்: இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், அது விஷம்.