பெடல் மிதிக்கும் காலை மட்டும் காட்டினால் எப்படி?

கேள்வி: கிடார், மவுத் ஆர்கன், டிரம் எல்லாவற்றையும் ஒரே ஆள் வாசிக்கும் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) கச்சேரி ஆவணப்படம் ஒன்று பார்த்தேன். கெட்டிக்காரர்தான். ஆனால் அரை மணி நேரத்தில் தெருவித்தை பார்ப்பதுபோல் ஆகிவிட்டது. இதில் இசை எங்கே?

பதில்: இசை அங்கேதான் இருந்திருக்கும், எடிட்டர் அதை உங்களிடம் வந்துசேர விட்டிருக்க மாட்டார். எந்தப் படம் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்த இந்த மாதிரிப் படங்களில் பெடலை மிதிக்கும் கால் ஒரு க்ளோஸ்-அப், உடனே உதடு, உடனே விரல், அப்புறம் கைதட்டும் கூட்டம் என்று போய்க்கொண்டே இருக்கும். நாலு பேர் வாசிக்கும் கச்சேரியை அப்படி வெட்டலாம். ஒரே உடம்பைத் துண்டு துண்டாகக் காட்டினால் வித்தையாகத்தான் தெரியும்.

இப்படித் தனியாளாக வாசித்த பாடகர் ஜெஸ்ஸி ஃபுல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் ஜார்ஜியாவில் பிறந்து, ரயில்வே வேலை, ஷூ பாலிஷ் என்று என்னென்னவோ செய்து, கலிஃபோர்னியாவில் ஓக்லண்டில் தங்கிவிட்டவர். பாட்டையே பிழைப்பாக்கியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நம்பிக் கூட வாசிக்க ஆள் அமையவில்லை, அதனால் பேஸ் வாத்தியத்தை, அதாவது அடித்தளமாகத் தாழ்ந்த சுரம் கொடுக்கும் வாத்தியத்தை, தானே செய்தார்: ஒரு பெட்டி, அதில் பியானோ தந்திகள், வலது காலால் பெடலை அழுத்தினால் சுத்தியல் போய்த் தந்தியைத் தட்டும். ஃபொட்டெல்லா என்று பேர். கையில் 12 தந்தி கிடார், கழுத்தில் மாட்டிய கம்பியில் மவுத் ஆர்கனும் கஸூ என்ற ஊதுகருவியும், இடது காலுக்குச் சிம்பல் என்ற உலோகத் தட்டு. பிரிட்டிஷ் கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992இல் தன் ‘அன்பிளக்ட்’ ஆல்பத்தில் பாடிய ‘சான் ஃபிரான்சிஸ்கோ பே ப்ளூஸ்’ இவர் பாட்டுதான். வித்தை மட்டும் என்றால் அந்தப் பாட்டு பெட்டியோடு போயிருக்கும்.

ப்ளூஸுக்கு 12 பார் கணக்கு என்பார்கள்; பார் என்றால் ஒரு தாளச் சுற்று, பன்னிரண்டு சுற்றில் ஒரு சரணம் முடியும். தனியாக வாசிப்பவர் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஒரு வரியில் மனசு நின்றுவிட்டால் பாதி பார் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், காலும் கூடவே நிற்கும். பக்கத்தில் டிரம்மர் இருந்தால், பாடுபவர் முகத்தைப் பார்த்து அவர் ஊகிக்க வேண்டும். மிச்சிகனில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தனியாளாக வாசித்த ப்ளூஸ் கலைஞர் ‘டாக்டர் ராஸ்’ பதிவுகளைக் கேளுங்கள்: கிடார், மவுத் ஆர்கன், கால் தாளம் மூன்றும் ஒரே மூச்சில் ஓடும். இதைப் படம் எடுப்பவர் கேமராவைத் தள்ளி வைத்து, ஒரு பாட்டு முடியும்வரை கை வைக்காமல் இருந்தாலே போதும்.

அதே படத்தில் ஒரு பாட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேளுங்கள். டிரம் எந்த இடத்தில் குரலுக்காகக் காத்திருக்கிறது என்று கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.