ஆன்லைன் ஷாப்பிங் பழக்கம் பற்றிய சர்வேக்குக் கேள்விகளை எப்படி அமைப்பது?

பதில்களை வைத்து எதைத் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். அதற்கு உதவாத கேள்வியைத் தயங்காமல் வெட்டிவிடலாம்.

நிறைய பேர் சறுக்குவது கேள்வியின் வார்த்தைகளில்தான். "அடிக்கடி ஆன்லைனில் வாங்குவீர்களா?" என்று கேட்டால், ஒருவருக்கு வாரம் ஒருமுறை அடிக்கடி, இன்னொருவருக்கு மாதம் ஒருமுறையே அடிக்கடி. "கடந்த 30 நாட்களில் எத்தனை முறை ஆர்டர் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். விடைகளை 1–3, 3–5 என்று போட்டால் மூன்று முறை வாங்கியவர் எதை டிக் செய்வார்? 0, 1–2, 3–5, 6 அல்லது அதற்கு மேல் என்று பிரியுங்கள். அந்த 0 கட்டாயம் வேண்டும். "விலையும் டெலிவரியும் திருப்தியா?" என்பது இரண்டு கேள்வி, பிரித்துக் கேளுங்கள். வருமானம், வயதெல்லாம் கடைசியில் போதும்.

அப்புறம், எத்தனை பேரிடம் கேட்பது? பெரிய மக்கள்தொகையில் 95% நம்பகத்தன்மை, ±5% பிழை வரம்புக்கு (அதாவது, இதே சர்வேயை 100 முறை நடத்தினால் சுமார் 95 முறை விடை உண்மை நிலையிலிருந்து 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க) சுமார் 385 பேர் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அது சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு ஆயிரம் பதில் சேர்த்தாலும் அது நண்பர்களின் பழக்கத்தைத்தான் சொல்லும்.

அனுப்பும் முன் நாலைந்து பேரை உங்கள் எதிரிலேயே நிரப்பச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தயங்கும் கேள்வியைத் திருத்துங்கள்.