நேரில் பார்த்த முதல் உதைபந்தாட்டப் போட்டி: டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றின் நினைவு

உங்கள் ஏழு வயது மகன் தொலைக்காட்சியில் மெஸ்ஸியையும் எம்பாப்பேயையும் பார்த்தே உதைபந்தாட்டத்தில் ஊறிப்போயிருக்கிறான் என்றும், அவன் முதன்முதலாக நேரில் பார்க்கும் போட்டி ஐரோப்பாவின் பெரிய மைதானமொன்றில் அமைய வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகள் பொறுத்திருந்து பணம் சேர்ப்பதா, அல்லது விடுமுறைக்கு இலங்கை மலையகத்தில் ஹட்டனிலுள்ள தாத்தா வீட்டுக்குப் போகும்போது அங்கே நடக்கும் ஏதாவதொரு போட்டிக்கு அழைத்துப் போவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, எங்களுடைய முதல் போட்டி எது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே பதில் எழுதிய பலர் லிவர்பூலையும் பார்சலோனாவையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒருவர், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் புழுதியில் உதைத்து விளையாடுவதையெல்லாம் "போட்டி பார்த்தேன்" என்று சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு பேசாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

என் முதல் போட்டி 1990 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மைதானத்தில் நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து அணி எங்களோடு ஆட வந்திருந்தது. அந்த ஆண்டு நடுப்பகுதியில்தான் இத்தாலியில் உலகக் கிண்ணம் நடந்து முடிந்திருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் யாரிடமும் தொலைக்காட்சி கிடையாது, மின்சாரமும் கிடையாது. தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெரியவர்களின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்ததுதான் எங்கள் உலகக் கிண்ணம். நடப்புச் சம்பியனான ஆர்ஜென்டினாவை முதல் போட்டியிலேயே 1–0 என்று வீழ்த்திய கமரூன் அணியைத்தான் எங்கள் தோட்டம் முழுவதும் தன் அணியாக எடுத்துக்கொண்டது. 38 வயதில் மாற்று வீரராக இறங்கி, கொலம்பியாவுக்கு எதிராக இரண்டு கோல்களை அடித்துவிட்டு மூலைக் கொடியருகே ஆடிய ரோஜர் மில்லாவைப் போல, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் நாங்களும் இடுப்பை அசைத்து ஆடித் திரிந்தோம். ஆகவே, நேரில் பார்ப்பதற்கு முன்னர் தொலைக்காட்சியில் நல்ல ஆட்டத்தைப் பார்த்திராததால்தான் சின்ன ஆட்டம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மைதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சர்வதேசப் போட்டிக்கான ஆடுகளம் குறைந்தது 100 மீற்றர் நீளமும் 64 மீற்றர் அகலமும் உடையதாக இருக்க வேண்டும் என்பது விதி. கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேலே, எங்கு பார்த்தாலும் சரிவாக இருக்கும் எங்கள் ஊரில், அவ்வளவு பெரிய சமதரையைத் தேயிலைக்கும் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் கொடுத்தது போக, எங்களுக்கென்று யாரும் மிச்சம் வைக்கவில்லை. இருந்ததும் சரியான சமதரை அல்ல. ஒரு கோல் பக்கம் மேடாகவும் மறு கோல் பக்கம் பள்ளமாகவும் இருந்தபடியால், நாணயச் சுழற்சியில் வென்ற அணி முதல் பாதியில் மேட்டிலிருந்து கீழ்நோக்கி ஆடுவதையே கேட்டு வாங்கும். மழை இரண்டாம் பாதியில்தான் வரும், வந்தால் பள்ளத்துப் பக்கம் சேறாகிவிடும் என்பது அந்தக் கணக்கு. கோல் கம்பங்கள் டர்பன்டைன் மரத்தில் வெட்டியவை. வலை இல்லை. கோடுகளைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பலால் போட்டிருந்தார்கள். மைதானத்தின் ஓர் ஓரம் நேரே தேயிலை மலைக்குள் இறங்கியதால், பந்து வெளியே போகும்போதெல்லாம் எங்களைப் போன்ற பொடியன்மார் செடிகளுக்குள் குதித்து ஓடி, காலில் அட்டையோடு பந்தைக் கொண்டுவந்து கொடுத்தோம்.

இரண்டு அணிகளிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பூட்ஸ் கிடையாது. வெறுங்காலால் ஆடுவது உதைபந்தாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இரண்டு தண்ட உதைகளை, அதாவது பெனால்டிகளை, தவறவிட்டும் 2–1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரேயொரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அது ஒலிம்பிக் போட்டியாகப் பதிவாகியிருக்கிறது. எங்களுடையதற்குப் பதிவு இல்லை என்பது மட்டுமே வேறுபாடு.

இனி, அந்த நாளில் நான் என்ன பார்த்தேன் என்பதற்கு வருகிறேன். எங்கள் அணியின் தலைவர் என் அம்மாவின் தம்பி. மாமா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அவர் தலையைக் குனிந்து, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நிற்பதைத்தான் நான் பார்த்திருந்தேன். கணக்கப்பிள்ளை ஏதாவது கேட்டால் "சரிங்கையா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவர் வாயிலிருந்து வராது. தோட்ட அலுவலகக் கிளாக்கர் வீட்டுப் பையன் ஒருவனும் அதே அணியில் வலது பக்கம் ஆடினான். வார நாட்களில் வழியில் எதிர்ப்பட்டால் அவனை மாமா "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்று விலகி நின்று கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை, எதிரணிக்காரன் ஒருவன் அவனைக் கடந்து ஓடியபோது, பின்னாலிருந்து மாமாவின் குரல் மைதானம் முழுவதும் கேட்கும்படி வந்தது: "டேய்! ஆளை விடாதே, பின்னால வாடா!" அந்தப் பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், சொன்னபடியே பின்னால் ஓடினான். ஒருவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற கிளாக்கர் ஐயாவே "அண்ணன் சொல்றதக் கேளுடா" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரே ஆள் இரண்டு விதமாக நிற்க முடியும் என்பதையும், அவருடைய குரல் அவ்வளவு தூரம் போகும் என்பதையும் அன்றுதான் கண்டேன். எந்தத் தொலைக்காட்சியும் எனக்கு இதைக் காட்டியிருக்காது, ஏனென்றால் ரோஜர் மில்லா வார நாட்களில் எப்படி நிற்பார் என்பது எனக்குத் தெரியாது.

அம்மா மைதானத்தில் இல்லை. பண்டிகைச் செலவுக்காக, மைதானத்துக்கு மேலேயுள்ள மலையில் மற்றப் பெண்களோடு, பறித்த அளவுக்குக் காசு தரும் கைக்காசுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கீழே சத்தம் எழும்போதெல்லாம் அந்த நிரை முழுவதும் நின்று, கூடைகளை முதுகில் சுமந்தபடியே திரும்பிப் பார்க்கும். கங்காணி அதட்டியதும் மறுபடியும் கைகள் செடிக்குப் போகும். தம்பி தலைவராக ஆடிய ஆட்டத்தை அம்மா இப்படித் துண்டு துண்டாகத்தான் பார்த்தார். அதைப் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்கள் மைதானத்தோரம் நின்று ஆட்டம் பார்ப்பதை யாரும் தடுத்ததில்லை. அவர்களுக்கு அதற்கான நேரம்தான் ஒருபோதும் கொடுக்கப்படவில்லை.

எதிரணி முதல் பாதியிலேயே ஒரு கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் மழை வந்தது, மழைக்குப் பின்னால் பனிமூட்டம் இறங்கியது. அந்தப் பக்கத்து மூட்டத்தை அறியாதவர்களுக்கு அதை விளக்குவது கடினம்: முதலில் பள்ளத்துப் பக்கக் கோல் கம்பம் மங்கியது, பிறகு அதன் முன்னால் நின்றவர்கள் மறைந்தார்கள், கடைசியில் நடுக்கோட்டுக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. ஆனாலும் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நனைந்து கனத்துப்போன தோல்பந்தில் வெறுங்கால் படும் சத்தத்துக்கும் பூட்ஸ் படும் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே, அடித்தது யாராக இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு வெறுங்கால் சத்தத்தைத் தொடர்ந்து, மூட்டத்துக்குள்ளிருந்து எங்கள் ஆட்களின் கூச்சல் வந்தது.

கோலா இல்லையா என்பதில்தான் பிரச்சினை. வலை இல்லாததால் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை. அது எங்கோ தேயிலைக்குள் கிடந்தது. இரண்டு தோட்டத்து ஆட்களும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நகரத்துப் பாடசாலையொன்றின் ஆசிரியராக இருந்த மத்தியஸ்தர், எல்லாரையும் விலக்கிவிட்டு, நேரே எதிரணியின் கோல்காப்பாளரிடம் போய், "தம்பி, நீர்தான் பக்கத்தில் நின்றீர். சொல்லும்" என்று கேட்டார். அந்த இளைஞர் தன்னுடைய தோட்டத்து ஆட்களைப் பார்க்கவில்லை. நெற்றியில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "கோல்தான் சேர்" என்றார். அவருடைய ஆட்கள் திட்டினார்கள், ஆனால் அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் தண்ட உதைகளில் முடிவு கண்டார்கள்; நாங்கள் தோற்றோம். எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் வரிசையாகப் போய்க் கைகொடுத்தது, கிண்ணத்தை வாங்கிய அணித் தலைவருக்கு அல்ல, அந்தக் கோல்காப்பாளருக்குத்தான்.

பழைய காலம் என்பதால் எல்லாவற்றையும் அழகாக்கி எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. அடிதடியில் முடிந்த தோட்டத்துப் போட்டிகளையும் நான் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு மைதானத்துக்குள் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய மைதானத்தை அறியாதவனும் அல்ல. இளவயதில் புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை செய்த காலத்தில், கொழும்பு சுகததாச மைதானத்துக்குப் போட்டி பார்க்கப் போயிருக்கிறேன். 1995 ஆம் ஆண்டு தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கை இந்தியாவை 1–0 என்று வென்ற இடம் என்பதால், உள்ளே நுழையும்போதே நெஞ்சு நிறைந்திருந்தது. ஆனால் அங்கே ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருக்கிறது. இருக்கையிலிருந்து பார்க்கும்போது வீரர்கள் தொலைவில் இருந்தார்கள். ஒருவரோடொருவர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது காதில் விழவே இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப்பட்டது. உங்கள் மகன் ஐரோப்பாவில் எத்தனையோ ஆயிரம் பேருக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தாலும், வீரர்களின் குரல் அவனுக்கும் கேட்காது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மைதானத்தில் இப்போது முழு ஆட்டம் ஆட முடியாது. பாதி நிலத்தில் கட்டடம் எழுப்பினார்கள். வேறு நிலம் தருகிறோம் என்று அப்போது கையைப் பிடித்துச் சொன்னவர்கள் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இளைஞர்கள் இப்போது மாசி, பங்குனி மாதங்களில் நீர் வற்றும்போது நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் வெளிப்படும் தரையில் கம்பு நட்டு ஆடுகிறார்கள். நாங்களும் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துப் பக்கம், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் தண்ணீருக்கு மேலே தெரியும் நாட்களில், அப்படி ஆடியிருக்கிறோம். மழை தொடங்கினால் அந்த மைதானமும் தண்ணீருக்கு அடியில் போய்விடும். வீடு கட்ட நிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது எல்லாவற்றிலும் முதன்மையான தேவை. வாக்குக் கொடுத்த நிலத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பொறுத்திருக்க வேண்டாம், இந்த விடுமுறையிலேயே அழைத்துப் போங்கள். தைப்பொங்கலை ஒட்டிய விடுமுறை என்றால் மழையும் குறைவு, தோட்டங்களுக்கிடையே போட்டிகளும் நடக்கும். ஹட்டன் டன்பார் மைதானத்திலோ நோர்வூட் மைதானத்திலோ என்ன நடக்கிறது என்று தாத்தாவிடம் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய நேர்ந்தால், பெரிய கிண்ணத்துக்கான போட்டியை விட்டுவிட்டு, தாத்தாவுக்குத் தெரிந்த யாராவது ஆடும் போட்டியைத் தெரிவு செய்யுங்கள். முடிந்தால் முதல் நாளே அந்த வீரரை அவருடைய வீட்டிலோ வேலைத்தளத்திலோ மகன் பார்க்கட்டும். கதிரையில் உட்கார வைக்காமல், ஆட்களின் பேச்சு கேட்கும்படி பக்கக் கோட்டருகே நிறுத்துங்கள். மாற்று உடுப்பும் ஒரு துவாயும் எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டம் இறங்கி ஒன்றும் தெரியவில்லை என்றாலும், மத்தியஸ்தர் கடைசி விசில் ஊதும்வரை அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள்.