10,000 பவுண்டுக்கு இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்: தினமும் ஓட்ட எது தாங்கும்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். வேலைக்கு ஸ்லவ் வரை போய்வர தினமும் ஏறக்குறைய 30 மைல். குடும்பத்துக்கு வேறு கார் இருக்கிறது. எனக்கென்று கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்று வாங்க 10,000 பவுண்டு வைத்திருக்கிறேன். மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கலாமா, அல்லது அதே விலைக்குக் கிடைக்கும் பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கலாமா? கராஜ் கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். என் உயரம் 6 அடி. எப்போதாவது நான்கு வயது மகளையும் அதில் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

பதில்: நீங்கள் தேட வேண்டியது மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5. என்சி என்று அழைக்கப்படும் இது 2005 முதல் 2015 வரை வந்தது. அதிலும் 2009-க்குப் பிறகு பதிவான 2.0 லிட்டர், ஆறு கியர், மடங்கும் கெட்டிக் கூரை உள்ள கார். 8,000 பவுண்டுக்குள் வாங்கி முடித்துவிட்டு மீதி 2,000 பவுண்டைத் தொடாமல் வையுங்கள். முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டு, முதல் குளிர்காலத்திலேயே டயருக்கும் பிரேக்குக்கும் பணம் தேடி அலைபவர்கள்தான் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம் என்று விற்றுவிடுகிறார்கள்.

பாக்ஸ்டரை ஏன் ஒதுக்குகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அது அருமையான கார். எஞ்சின் நடுவில் இருப்பதால் முன்னும் பின்னும் இரண்டு டிக்கிகள் கிடைக்கின்றன. அந்த வகையில் எம்எக்ஸ்-5-ஐ விட அதிகம் சாமான் கொள்ளும். ஆனால் 1996 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர் எஞ்சின்களில் உள்ளே, வால்வுகளை இயக்கும் செயின்களைச் சுழற்ற ஓர் இடைத்தண்டு ஓடுகிறது. அதைத் தாங்கும் பேரிங் சீல் செய்யப்பட்டது. காலப்போக்கில் எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிட, பேரிங் வறண்டு தேய்கிறது. அது உடைந்தால் வால்வுகளின் நேரக்கணக்கு தவறி, பிஸ்டன் வால்வில் மோதி, எஞ்சினே போய்விடும். எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. ஆனால் நடந்தால் செலவு காரின் விலையையே தாண்டும். 2006 வாக்கில் பெரிய பேரிங் போட்டார்கள். அது அவ்வளவு எளிதில் உடைவதில்லை என்றாலும், எஞ்சினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் இடைத்தண்டே கிடையாது. அந்தக் கார் நல்ல நிலையில் உங்கள் தொகைக்குக் கிடைப்பது அரிது.

சாலை வரியையும் பாருங்கள். 2001 மார்ச் 1 முதல் 2017 மார்ச் 31 வரை பதிவான கார்களுக்குக் கரியமிலவாயு அளவை வைத்து வரி போடுகிறார்கள். கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் வெளியிடும் கார் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் ஒரு படிநிலையோடு நின்றுவிடும். அந்தத் தேதியிலிருந்து பதிவாகியிருந்தால் மிக உயர்ந்த படிநிலைகளுக்குப் போய்விடும். ஒரே மாதிரியான இரண்டு கார்களுக்கு வரி வெகுவாக வேறுபடுவது இதனால்தான். பாக்ஸ்டர், 3 லிட்டர் பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவற்றைப் பார்க்கும்போது பதிவுத் தேதியைக் கேட்காமல் பேரம் பேசாதீர்கள். என்சி எம்எக்ஸ்-5 இந்த 225 எல்லைக்குக் கீழேயே நிற்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை: பாக்ஸ்டரின் எடை சுமார் 1,300 கிலோ. இரண்டாம் கியரிலேயே நாட்டின் உச்ச வரம்பான 70 மைலை நெருங்கிவிடும். அதன் திறமையில் பெரும்பகுதியைப் பொதுச் சாலையில் தொடவே முடியாது. என்சி 2.0 சுமார் 1,100 கிலோ, 160 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 60 மைலை 8 விநாடிக்குள் எட்டும். காகிதத்தில் இது பெரிய எண் அல்ல. ஆனால் அமர்ஷம் தாண்டி சில்டர்ன் குன்றுகளுக்குள் வளையும் சாலைகளில் 40, 50 மைல் வேகத்திலேயே கியரை மாற்றி மாற்றி, எஞ்சினை முழுக்க வேலை வாங்கி ஓட்டலாம். தினமும் ஓட்டுபவருக்குக் கிடைக்கக்கூடிய இன்பம் இதுதான். லைசென்ஸும் பத்திரமாக இருக்கும்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1999 முதல் 2007 வரை வந்த டொயோட்டா எம்ஆர்2 ஓட்ட இன்பமானது, எடை ஒரு டன்னுக்குள். ஆனால் டிக்கி என்று சொல்ல எதுவும் இல்லை. தொடக்க ஆண்டுக் கார்கள் ஆயில் குடிக்கும். எஞ்சினை ஒட்டி இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் முன் கேட்டலிஸ்ட் உதிர்ந்து, அந்தத் துகள் எஞ்சினுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. இசட்4-இன் முதல் தலைமுறையில் கூரையை இயக்கும் மோட்டார் தாழ்வான இடத்தில் இருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கிச் செத்துவிடும். தெருவில், மரத்தடியில் நிற்கப்போகும் காருக்கு இது சரிவராது.

இனி எம்எக்ஸ்-5-இன் நான்கு தலைமுறைகள். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை, கண் திறந்து மூடும் விளக்குகளோடு, இன்று சேகரிப்பாளர்களின் கார். உப்பு தூவிய சாலையில் அதை வேலைக்கு ஓட்டித் தேய்ப்பது பாவம். 1998 முதல் 2005 வரையிலான இரண்டாம் தலைமுறை விலை குறைவு. ஆனால் எஞ்சினுக்கு இருபுறமும் ஓடும் முன் சேஸிஸ் சட்டம் இரட்டைத் தகடு. இடையில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து துரு அரித்துவிடும். மேலும் புகைத் தரம் எட்டாத வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டனின் யூலெஸ் மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லாப் பெருநகரப் பகுதிகளுக்கும் விரிந்துவிட்டதால் ஹாரோவும் அதற்குள்தான். தகுதி பெறாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. பெட்ரோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்தை எட்ட வேண்டும். என்சி எட்டுகிறது. பழைய காரானால் பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

2015-இல் வந்த நான்காம் தலைமுறை, என்டி, ஒரு டன் எடையில் ஓட்டுவதற்கு எல்லாவற்றிலும் கூர்மையானது. 1.5 லிட்டர் எஞ்சின் சுழல ஆசைப்படும் எஞ்சின். உங்கள் தொகையில் அதிகம் ஓடிய ஆரம்ப ஆண்டுக் கார்கள்தான் எட்டும். அங்கேதான் இரண்டு சிக்கல்கள். 2016, 2017 வாக்கில் வந்த சில கார்களில் கியர் பெட்டி உடைந்தது, மஸ்டா அதன் உட்பாகங்களைப் பலமுறை திருத்தியது. இரண்டாவது உங்கள் உயரம். 2018-இல் வந்த மாற்றத்துக்கு முன் என்டியின் ஸ்டியரிங் மேலும் கீழும்தான் நகரும், உங்களை நோக்கி வராது. 6 அடிக்காரருக்குக் கால் மடங்கும், கை நீளும். என்சியின் உள்ளிடம் சற்றே தாராளம். இருந்தாலும் உட்கார்ந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கூரையை மூடி, கிளட்சை முழுக்க அழுத்தி, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவே விரிந்த கை நுழைந்தால் போதும்.

கெட்டிக் கூரையை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால் உங்கள் கார் தெருவில் நிற்கிறது. துணிக் கூரையை ஒரு கத்தி போதும் கிழிக்க. என்சியின் கெட்டிக் கூரை சுமார் 12 விநாடியில் இருக்கைக்குப் பின்னால் மடிந்துவிடும். எடை சுமார் 37 கிலோதான் கூடுகிறது, டிக்கியின் 150 லிட்டரில் ஒரு துளியும் குறையாது. மோட்டார்வேயில் சத்தமும் குறைவு. பார்க்கப் போகும்போது மூன்று முறை முழுக்கத் திறந்து மூடச் சொல்லுங்கள். பாதியில் நின்றால் வேறு காரைப் பாருங்கள். 2009-க்குப் பிந்தையதைத் தேடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்த மாற்றத்தில் 2.0 எஞ்சினுக்குப் பட்டறையில் அடித்து உருவாக்கிய கிராங்க் தண்டு போட்டார்கள், எஞ்சின் நிமிடத்துக்கு முன்னைவிடச் சுமார் 500 சுழற்சி கூடுதலாகத் தாங்கும்.

வாங்கும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. பதிவு எண்ணை அரசுத் தளத்தில் இட்டால் 2005 முதலான எம்ஓடி (கார் சாலைக்குத் தகுதியா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். தேர்ச்சியா தோல்வியா என்பதை விட, பரிசோதகர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். பிரேக் குழாயில் துரு, பின் சஸ்பென்ஷனில் துரு என்று வருடாவருடம் ஒரே வரி வந்துகொண்டிருந்தால், உரிமையாளர் எதையும் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். மைல் கணக்கு ஒவ்வோராண்டும் சீராக ஏறுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். அதே நாளில் காப்பீட்டு விலையையும் கேட்டுவிடுங்கள். அஞ்சல் குறியீட்டைப் பொறுத்து அது மாறும், அலாய் சக்கரமோ சைலன்சரோ மாற்றியிருந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

எம்எக்ஸ்-5-ஐக் கொல்வது எஞ்சின் அல்ல, தண்ணீர். கூரை மடிப்பில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள குழாய்கள் வழியே இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் அந்த நீர் கதவுக்கடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் வழிந்து தேங்கும். அங்கிருந்து துரு உள்ளிருந்து வெளியே வரும். பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது. எனவே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். இருக்கைக்குப் பின் மூலையில் மெதுவாக ஊற்றி, சில விநாடியில் கீழே சொட்டுகிறதா பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை அழுத்தி ஈரம் இருக்கிறதா தொட்டுப் பாருங்கள். பின் சக்கர வளைவுக்கு முன் உள்ள சட்டத்தின் நுனியை விரல் கணுவால் தட்டினால் திடமான ஒலி வர வேண்டும். அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு தடிமனாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பூசுவதற்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள்.

எஞ்சினைச் சூடாக்காமல் வைக்கும்படி விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். என்சி எஞ்சின்கள் கெட்டதில் பல, ஆயில் குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டியதால் கெட்டவை. குச்சியில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால் அந்த உரிமையாளர் அதைப் பார்ப்பதே இல்லை. காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். அந்தக் கவலை வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க இருபது நிமிடமாவது கேளுங்கள். குளிர்ந்த கியர் பெட்டியில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிப்பது இயல்பு. சூடான பிறகும் கரகரத்தால் இயல்பல்ல. நாலாம் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. திரும்பி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே, தொடாமல், கையை நீட்டிச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால், பிரேக் பட்டைகளை அழுத்தும் காலிபர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின் சக்கரத்தில் இது அடிக்கடி நடக்கும். காலிபர் நழுவும் ஊசிகளில் கிரீஸ் வறண்டு உப்பு அரித்துவிடுவதுதான் காரணம்.

ஒதுக்கிய 2,000 பவுண்டில் முதலில் போக வேண்டியது டயருக்கு. டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 1419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரானது. பள்ளம் நன்றாக இருந்தாலும் எட்டு, பத்து வயதான ரப்பர் ஈரத்தில் பிடிக்காது, பின்சக்கர இழுவைக் காரில் அது ரவுண்டானாவிலேயே தெரிந்துவிடும். 17 அங்குலச் சக்கரத்துக்கு 205/45 அளவு. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். குளிர்ந்த டயரில் காற்று 29 பிஎஸ்ஐ. பெரிய கார்களுக்குப் போடுவதுபோல 35 ஏற்றினால் குழிக்குக் குழி துள்ளும். அடுத்து நான்கு சக்கர அலைன்மென்ட். இந்தக் காரில் முன்னும் பின்னும் கோணங்களைத் திருத்த முடியும். ஸ்டியரிங் மந்தமாக இருக்கிறது என்று குறைபடும் பலருடைய கார் சரியான அலைன்மென்டுக்குப் பிறகு வேறு காராக மாறும். துரு ஒட்டிய போல்ட் சுற்றாவிட்டால் புது போல்ட்டோடு கூடுதல் நேரக் கூலியும் ஆகும் என்று பட்டறையில் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிறகு பிரேக் திரவம் மாற்றம், நவம்பருக்குள் அடிப்பகுதிக்கும் பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கும் மெழுகுப் பூச்சு. வடிகாலை ஆண்டுக்கு இரண்டு முறை, பிளாஸ்டிக் உறை போட்ட திரைச்சீலைக் கம்பியால் மெதுவாகத் துழாவிச் சுத்தம் செய்யலாம். காற்றழுத்தம் வேண்டாம், குழாய் கழன்று நீர் நேராகச் சட்டத்துக்குள் போய்விடும்.

மகளைப் பற்றி: இரண்டு இருக்கைக் காரில் குழந்தையை முன்னால் உட்கார வைப்பது பிரிட்டனில் சட்டப்படி சரி. 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை, அவளுடைய உயரத்துக்கோ எடைக்கோ ஏற்ற குழந்தை இருக்கை கட்டாயம். முன்னோக்கிய இருக்கையானால் கார் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளுங்கள், ஏர்பேக்கிலிருந்து அவள் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. பின்னோக்கிய இருக்கையை இயங்கும் ஏர்பேக்குக்கு முன் ஒருபோதும் வைக்கக் கூடாது. காருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே அவளுடைய இருக்கையைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். என்சியின் இருக்கை பக்கவாட்டில் குழிந்தது, அகலமான குழந்தை இருக்கைகள் சில அதில் தட்டையாக உட்காராது.