மகனுக்காக உபவாசம் இருக்கிறேன், மகனோடு பேசவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பம் எங்களுடையது. கணவர் சபைக் கமிட்டியில் இருக்கிறார். ஒரே மகன், 26 வயது, பெங்களூரில் வேலை. ஈஸ்டருக்கு வந்தபோது பெண் பார்க்கும் பேச்சை எடுத்தோம். அன்று ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சின்ன வயதிலிருந்தே தனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று சொல்லி அழுதான். போன வருஷம் செத்துவிடலாம் என்றுகூட நினைத்தானாம்.

விஷயம் தெரிந்ததிலிருந்து, கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். தெரிந்த ஊழியக்காரர் ஒருவர், இது பிசாசின் பிடி, விடுதலை ஜெபத்துக்குக் கூட்டி வாருங்கள் என்கிறார். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்க எனக்கு வெட்கம். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். மகனிடம் பேசத்தான் வாய் வரவில்லை. வேதம் இதைப் பாவம் என்கிறதே. என் வளர்ப்பில் குறையா? அவனைச் சேர்த்துக்கொண்டால் கர்த்தருக்கு விரோதமாகப் போகிறேனா?

- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் செத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறான். மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இதைப் பாருங்கள். இன்றே அவனைக் கூப்பிட்டு, "இப்பவும் அந்த நினைப்பு வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் தூண்டிவிட்டதாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். கேட்டால் அவன் பாரம் இறங்கத்தான் செய்யும். வருகிறது என்றால் அவனைத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. தன்பாலீர்ப்பு வளர்ப்பால் வருவதும் இல்லை, நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் இது நோயல்ல என்று சொல்லிவிட்டது.

அந்த ஊழியக்காரரிடம் தயவுசெய்து கூட்டிப்போகாதீர்கள். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, ஜெபத்தாலும் ஆலோசனையாலும் இந்த ஈர்ப்பை மாற்றலாம் என்று பல வருஷங்கள் ஊழியம் செய்தது. கடைசியில் அதன் தலைவரே, தான் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாறவில்லை என்று ஒத்துக்கொண்டு, காயப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அமைப்பையே மூடினார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2021-இல், மருத்துவத்தின் பெயரால் இதை மாற்ற முயல்வதைத் தடைசெய்யச் சொன்னது. ஜெப வீட்டில் நடந்தாலும் மனதுக்கு ஆகும் காயம் அதேதான். எத்தனை தரம் ஜெபித்தும் மாறவில்லை என்றால், தேவனே தன்னைக் கைவிட்டதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வான். ஏற்கெனவே சாவை நினைத்தவனுக்கு அது எவ்வளவு ஆபத்து!

கல்யாணம் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகவே சொல்கிறேன். கல்யாணம் பண்ணினால் இது மாறாது. எதுவும் தெரியாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து, வாழ்நாளெல்லாம் தன்னிடம்தான் ஏதோ குறை என்று அவளை நினைக்கவைப்பதுதான் நடக்கும். ஆலயத்தில் ஆராதனை வைத்து நடத்துவதால் அந்த அநியாயம் நியாயமாகிவிடாது. உங்கள் கணவரிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண் உங்கள் மகளாக இருந்தால் சம்மதிப்பாரா என்று கேளுங்கள்.

சரி, வேதம். லேவியராகமம் 18-லும் ரோமர் 1-லும் உள்ள வசனங்களை நீங்கள் படித்திருப்பீர்கள். பெரும்பாலான சபைகள் அவற்றை வைத்துத்தான் ஆண்-ஆண் உறவைப் பாவம் என்று போதிக்கின்றன. அந்த வசனங்கள் அக்காலத்து விக்கிரக வழிபாட்டையும் அடிமைகளைச் சுரண்டியதையும் பற்றியவை, இன்றைக்கு இருவர் உண்மையாகச் சேர்ந்து வாழ்வதைப் பற்றியவை அல்ல என்று சொல்லும் வேத அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாவத்துக்காகவே அழிந்ததாகப் பலரும் சொல்லும் சோதோம் நகரின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49-ஐ எடுத்துப் பாருங்கள்: கர்வம், கொழுத்த வாழ்வு, எளியவனுக்குக் கைகொடுக்காதது. சி.எஸ்.ஐ. அங்கம் வகிக்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்திலேயே, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த சபைகளின் உலகக் கூட்டமைப்பிலேயே, ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை 2015 முதல் ஒரே பாலினத்தவருக்கும் திருமணம் நடத்துகிறது. ஆப்பிரிக்கச் சபைகள் பலவும் அதைக் கடுமையாக எதிர்க்கின்றன.

சபைகளுக்குள் நடக்கும் இந்த விவாதம் உங்கள் காலத்தில் முடியாமலே போகலாம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல அது முடிய வேண்டியதில்லை. இந்த உறவு வேதத்துக்கு ஒவ்வாது என்று 1998-இல் தீர்மானம் போட்ட ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடே, தன்பாலீர்ப்புள்ளவர்கள் தேவனால் நேசிக்கப்படுகிறவர்கள், இவர்கள் சொல்வதைச் சபை கேட்க வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் எழுதியது. பாவம் என்று போதிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையும், இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்று தன் மறைக்கல்வி ஏட்டில் சொல்கிறது. எனவே, மகனைச் சேர்த்துக்கொள்வதால் நீங்கள் கர்த்தருக்கு விரோதமாகப் போகவில்லை. உபவாசம் இருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவன் மாற வேண்டும் என்பதற்குப் பதிலாக, அவன் உயிரோடு சமாதானமாக இருக்க வேண்டும் என்று ஜெபியுங்கள்.

ஐயரிடம் பேசுவதென்றால் முதலில் மகனைக் கேளுங்கள். யாருக்கு, எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. அவன் சரி என்ற பிறகும், அவன் பெயரைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டு, ஐயர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்லுங்கள். உறவினர்கள் பெண்ணின் பயோடேட்டாவை நீட்டினால், "அவன் இப்போதைக்கு வேண்டாம் என்கிறான்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அவன் வீட்டுக்கு வருவதற்குள் இதைச் செய்து வையுங்கள்.