வியாழன் மாலை ஒரு திருநாள் – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். சில வருடங்களாக லண்டனில் வேலை, ஈஸ்ட் ஹாமில் ஜாகை. கவிஞர் டி.எஸ். எலியட்டைப் பற்றி எழுதியபோது அவர் ஆங்கிலோ கத்தோலிக்கர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். ஆங்கிலிக்கன் சபைக்குள்ளேயே பூசை, தூபம், மாதா பவனி எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே எனக்குப் புதிய செய்தி.

அவர்களுடைய திருநாள் ஆராதனை ஒன்றைப் பழைய முறைப்படி நடக்கிற இடத்தில் பார்க்க ஆசை. கார்ப்பஸ் கிறிஸ்டி என்கிற நற்கருணைத் திருநாள் அன்று, வியாழன் சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கிலிக்கன் கோயிலுக்குப் போனேன். பூட்டிக் கிடந்தது. நோட்டீஸ் போர்டில் ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சரியான கோயிலை எப்படித் தேடுவது? போனால் எங்கே முழங்கால் போட வேண்டும், எங்கே எழும்ப வேண்டும்? சி.எஸ்.ஐ.காரன் நற்கருணை வாங்கலாமா? போட்டோ எடுக்கலாமா? அம்மாவிடம் போனில் சொன்னபோது, "மாதா கோயில் சமாச்சாரம் நமக்கு எதுக்குல?" என்றார்கள். அதற்கும் ஒரு பதில் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

டி., ஈஸ்ட் ஹாம்

அன்புள்ள டி.,

நாள் சரி, கோயில்தான் சரியில்லை. திரித்துவ ஞாயிற்றுக்கு அடுத்த வியாழன் கார்ப்பஸ் கிறிஸ்டி. 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தில் அப்படி ஒரு திருநாளே கிடையாது. ஆங்கிலத் திருச்சபையின் இன்றைய நாட்காட்டியில் இடம் உண்டு என்றாலும், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில்தான். அதனால் பெரும்பாலான கோயில்களில் அந்த வியாழன் மற்ற வியாழன்களைப் போலவே கழியும். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் ரோமன் கத்தோலிக்க ஆயர்கள் 2006இல் இந்தத் திருநாளை ஞாயிற்றுக்கு மாற்றிவிட்டார்கள். வாரநாளில் கூட்டம் வராது என்கிற நடைமுறைக் கணக்கு. போப்பாண்டவருக்குக் கீழே இல்லாத ஆங்கிலோ கத்தோலிக்கர்கள்தான் இன்னும் வியாழனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேடுவதற்கு இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். திருநாளை அதன் நாளிலேயே வைக்கிறார்களா என்று பாருங்கள். கோயில்களின் இணையதளத்தில் மெழுகுவர்த்திப் படங்களும் தங்கச் சரிகை அங்கிகளும் எல்லாரும் போடுகிறார்கள், அதை நம்பாதீர்கள். பிப்ரவரி 2, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, டிசம்பர் 8 ஆகிய மாதா தொடர்பான திருநாள்களில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வாரநாளாக இருந்தும் மாலை 6.30க்கோ 7க்கோ 'ஹை மாஸ்' (பாட்டும் தூபமுமாக நடக்கும் பெரிய பூசை) என்றிருந்தால் நீங்கள் தேடும் இடம் அதுதான். வேலையிலிருந்து நேராக வருகிறவர்களை எண்ணி வைத்த நேரம் அது. தினப்பூசை உண்டா, பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் குறித்திருக்கிறார்களா, குருவானவரை 'ஃபாதர்' என்கிறார்களா என்பதெல்லாம் துணைச் சான்றுகள். ஆங்கிலத் திருச்சபையே நடத்தும் 'எ சர்ச் நியர் யூ' தளத்தில் ஒவ்வொரு கோயிலின் ஆராதனை நேரமும் இருக்கும். ஆனாலும் கிளம்புவதற்கு முன் அந்த வாரத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து உங்களுக்கு வழி சுலபம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, மைல் எண்டில் அதே பிளாட்பாரத்தின் மறுபக்கம் சென்ட்ரல் லைனுக்கு மாறினால் ஆக்ஸ்ஃபர்ட் சர்க்கஸ். அங்கிருந்து சில நிமிட நடையில் மார்கரெட் தெருவில் சகல பரிசுத்தவான்கள் கோயில். மாறாமல் போக வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் லைனிலேயே மான்யுமென்டில் இறங்கலாம். லண்டன் பாலத்தடியில் ரென் கட்டிய செயின்ட் மேக்னஸ் இருக்கிறது. எலியட் 1922இல் 'பாழ் நிலம்' கவிதையில் வெள்ளையும் பொன்னுமாக வியந்த உட்புறம் அதனுடையதுதான். ஸ்லோன் ஸ்கொயர் பக்கம் போர்ன் தெரு செயின்ட் மேரி இசைக்குப் பெயர்பெற்றது. ஹைடன், மோட்சார்ட் பூசை இசையைக் கச்சேரியாக இல்லாமல் பூசையாகவே கேட்கலாம்.

முதல் தடவைக்கு மார்கரெட் தெருவைத்தான் சொல்வேன். 1850இல் ஆங்கிலோ கத்தோலிக்க முன்னோடிகளில் ஒருவரான பூசே அடிக்கல் நாட்டி, பட்டர்ஃபீல்ட் வடிவமைத்து, 1859இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒடுக்கமான சந்து. சின்ன முற்றத்தில் நின்று தலையை அண்ணாந்தால் சிவப்புச் செங்கலும் கருஞ்செங்கலும் பட்டை பட்டையாக ஓடும், அதன்மேல் 227 அடி கோபுரம். உள்ளே போனால் கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவ்வளவு இருட்டு. பழகியபிறகு சுவரில் ஓர் அடி இடம்கூடச் சும்மா விடவில்லை என்பது தெரியும். ஓடு, சலவைக்கல், வண்ணப் பதிப்பு, பொன்பூச்சு. பீடத்துக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பரிசுத்தவான்களின் ஓவியங்கள். கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்குத் தோன்றும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரும் வசன வாக்கியமுமாக வளர்ந்த உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தோன்றலாம்.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். வாசலில் தாளோ சிறு புத்தகமோ கொடுப்பார்கள், முழு ஆராதனையும் அதில் இருக்கும். அதை எழுத்தெழுத்தாகப் பின்தொடராதீர்கள், முக்கால்வாசியைத் தவறவிடுவீர்கள். நடுவில் ஒரு வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் செய்வதைச் செய்தால் போதும். இந்தக் கோயில்களில் பாதிப்பேர் ஒன்று செய்யும்போது மீதிப்பேர் வேறொன்று செய்துகொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் கண்காணிப்பதில்லை.

பீடத்தில் மூன்று பேர் இருப்பார்கள்: பூசை வைக்கும் குரு, அவருக்குத் துணைநிற்கும் டீக்கன், சப்டீக்கன். சில இடங்களில் படிக்கு ஒருவராக ஒரே நேர்கோட்டில், மக்களுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நிற்பார்கள். முதுகு காட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் சேர்ந்து ஒரே திசையில் பார்க்கிறார்கள் என்பது அதன் பொருள். காணிக்கை நேரத்தில் தூபம் காட்டும் வரிசையைக் கவனியுங்கள். அப்பமும் ரசமும், பீடம், குரு, உடன் ஊழியர், பாடகர் குழு என்று வந்து கடைசியில் தூபக்கலசம் பிடிப்பவர் படியிறங்கி உங்கள் முன் நிற்பார். எல்லாரும் எழும்புவார்கள். அவர் குனிந்து வணங்குவார், நீங்களும் குனிய வேண்டும். அவர் சங்கிலியை வீசுவார், மறுபடி குனிவார். பீடத்துக்குக் காட்டிய அதே தூபம் ஈஸ்ட் ஹாமிலிருந்து பையோடு வந்த உங்களுக்கும் காட்டப்படுகிறது. முதன்முறை இது நடக்கும்போது கை எங்கே வைப்பதென்று தெரியாது. சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

நைசியா விசுவாசப் பிரமாணத்தில் 'மனுஷனானார்' என்ற இடம் வரும்போது திடீரென்று எல்லாரும் முழங்காலிடுவார்கள், உடனே எழுந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அப்புறம் மணியடித்து அப்பத்தையும் பாத்திரத்தையும் உயர்த்தும்போது முழங்காலில் இருந்தால் போதும்.

கார்ப்பஸ் கிறிஸ்டியில் பூசைக்குப் பின்தான் முக்கியமான பகுதி. அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைச் சூரியக் கதிர்போல் விளிம்புள்ள கதிர்ப்பாத்திரத்தில் வைத்து, மேல்விதானம் பிடித்து, பவனியாகக் கொண்டுபோவார்கள். சில கோயில்களில் உள்ளேயே சுற்றி வருவார்கள், சில கோயில்களில் தெருவுக்கே வந்துவிடுவார்கள். லண்டன் தெருவில் ஷாப்பிங் பையோடு நிற்கிறவர்கள் என்ன ஏதென்று புரியாமல் வழிவிடுவதைப் பார்க்கலாம். திரும்பி வந்ததும், 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இந்தத் திருநாளுக்காக எழுதிய லத்தீன் பாட்டு. தோளிலிருந்து கை மூடும் நீளத் துணியைப் போர்த்துக்கொண்டு, விரல் படாமல் கதிர்ப்பாத்திரத்தைத் துணியோடு பிடித்து, குரு மக்கள்மேல் சிலுவை வரைவார். அந்த நேரத்தில் அவர் ஒன்றும் பேச மாட்டார், மணி மட்டும் அடிக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கத்தோலிக்க நண்பர்களிடம் கேளுங்கள், நற்கருணை ஆசீர் என்று சொல்வார்கள்.

நற்கருணை நீங்கள் தாராளமாக வாங்கலாம். சி.எஸ்.ஐ. இன்று ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்புச் சபை. அது இல்லாவிட்டாலும், திரித்துவத்தை ஏற்கும் எந்தச் சபையிலும் ஞானஸ்நானம் பெற்று, தன் சபையில் நற்கருணை வாங்கிவருகிறவரை ஆங்கிலத் திருச்சபை தன் பந்திக்கு அனுமதிக்கிறது. 1972இலிருந்து அது சட்டமாகவே இருக்கிறது. கிராதியில் முழங்காலிட்டு நாக்கிலோ கையிலோ வாங்குங்கள். வேண்டாமென்றால் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டால் ஆசீர்வதித்து அனுப்புவார்கள்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. உங்களை இங்கே கொண்டுவந்துவிட்ட அதே எலியட், உங்கள் சபை பிறக்கவே கூடாது என்று எழுதியவர். தென்னிந்தியச் சபைகளின் ஐக்கியத் திட்டத்தை எதிர்த்து 1943இல் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் ஊழியர்களை அப்படியே குருக்களாக ஏற்றால் அப்போஸ்தலரிலிருந்து பேராயர் வழியாகத் தொடரும் வழிமுறை அறுந்துபோகும் என்பது ஆங்கிலோ கத்தோலிக்கர்களின் பயம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தபோது இங்கிலாந்தில் இவர்கள் கொதித்தார்கள். ஆந்திராவில் நந்தியால் பக்கத்து எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்தின் வழி வந்த ஆங்கிலிக்கர்கள் பலர் சேர மறுத்துப் பல வருடம் வெளியே நின்றார்கள். நாசரேத்தும் இடையன்குடியும்கூட எஸ்.பி.ஜி. ஊர்கள்தான். மெய்ஞ்ஞானபுரம் மாதிரியான சி.எம்.எஸ். என்ற இன்னொரு மிஷன் சங்கத்தின் ஊர்களைவிட அங்கே சடங்கில் ஒரு பிடி கூடுதல் என்று உங்கள் தாத்தா தலைமுறை சொல்லியிருப்பார்கள். ஆனால் திருநெல்வேலி சேர்ந்துவிட்டது. வரலாறு அப்புறம் தன் பங்குக்கு விளையாடியது. 2013இல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்ற இடம் அதே நந்தியால்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பழைய முறையில் நடக்கும் கோயில்கள் பலவற்றில் பெண் குருக்களை இன்றும் ஏற்பதில்லை. 1992இல் ஆங்கிலத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் என்று முடிவெடுத்ததைத் தொடர்ந்து, ஒப்பாதவர்களுக்கென்று தனிப் பேராயர்களை ஏற்பாடு செய்தார்கள். லண்டனில் அந்தப் பொறுப்பு ஃபுல்ஹம் பேராயருக்கு. எனக்கு இது உவப்பில்லை. பெண் குருக்களோடு அதே தூபமும் அதே பவனியும் வைத்திருக்கும் ஆங்கிலோ கத்தோலிக்கக் கோயில்களும் உண்டு. எது எப்படி என்பது அவரவர் தளத்தில் இருக்கும், தெரிந்துகொண்டு போங்கள்.

அம்மாவின் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது, ஏனென்றால் ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகள் அம்மாவின் பக்கம் நிற்கின்றன. 28ஆவது கோட்பாடு சொல்வது இது: நற்கருணையைச் சேமித்து வைப்பதும், சுமந்துகொண்டு சுற்றுவதும், உயர்த்திப் பிடிப்பதும், வணங்குவதும் கிறிஸ்து ஏற்படுத்தியவை அல்ல. கார்ப்பஸ் கிறிஸ்டி அன்று நான்கும் நடக்கும்! 1833இல் ஆக்ஸ்ஃபர்டில் கீபிள் என்ற குருவின் பிரசங்கத்தோடு தொடங்கிய ஆங்கிலோ கத்தோலிக்க இயக்கத்துக்கு இந்தக் கோட்பாடுகள் தொண்டையில் முள். இவற்றைக் கத்தோலிக்கப் பொருளிலும் வாசிக்கலாம் என்று இயக்கத் தலைவர்களில் ஒருவரான நியூமன் 1841இல் அவர்களுடைய பிரசுர வரிசையில் எழுதிய 90ஆவது துண்டுப் பிரசுரத்தால் பெரிய ரகளையாகி, அந்த வரிசையே நின்றது. 1845இல் அவர் ரோமன் கத்தோலிக்க சபைக்கே போய்விட்டார். பூசேயும் கீபிளும் போகவில்லை. கோட்பாடு கண்டிப்பது இடைக்காலத்து அத்துமீறலைத்தான், வழிபாட்டை அல்ல என்பது இருந்தவர்களின் வாதம். எனக்கு அது வக்கீல் வாதமாகத்தான் படுகிறது. அம்மாவிடம் இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தோற்பீர்கள்.

ஆனால் இதையெல்லாம் ஆடம்பரப் பிரியர்களின் வேஷம் என்று யாராவது சொன்னால் மட்டும் விடாதீர்கள். 1874இல் சடங்குகளை அடக்கவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆர்தர் டூத் என்ற குரு 1877இல் சிறைக்குப் போனார். சிட்னி கிரீன் லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் கிடந்தார். நீங்கள் போய்ப் பார்க்கப் போகும் அங்கி, மெழுகுவர்த்தி சமாச்சாரத்துக்காகத்தான். இவர்களில் பலர் ஊழியம் செய்ததும் பணக்காரத் தெருவில் அல்ல. 1866இல் லண்டன் கிழக்கில் காலரா பரவியபோது, வாப்பிங் துறைமுகச் சேரியில் சார்லஸ் லவுடரும் அவரோடு இருந்த கன்னியரும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள். கப்பல்துறைக் கூலிகள் அவரை ஃபாதர் என்று கூப்பிட்டது அந்த உழைப்பால்தான், உடுத்திய அங்கியால் அல்ல. அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்றால் லவுடரைப் பற்றிச் சொல்லுங்கள்.

அம்மாவின் கட்சிக்கு இங்கிலாந்திலும் ஆள் உண்டு. மே மாதக் கடைசியில் வங்கி விடுமுறைத் திங்களன்று நார்ஃபோக்கில் வால்சிங்கம் மாதாவுக்குத் தேசிய யாத்திரை நடக்கும். சுரூபப் பவனி போகும் வழியில் 'இது விக்கிரகாராதனை' என்று பதாகை பிடித்துக்கொண்டு புராட்டஸ்டன்டுகள் நிற்பார்கள். இரண்டு தரப்பையும் ஒரே தெருவில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம்.

போட்டோ: பூசை நடக்கும்போது வேண்டாம். பவனி தெருவுக்கு வந்தால் எல்லாரும்தான் எடுக்கிறார்கள், ஆனால் கதிர்ப்பாத்திரம் கடக்கும்போது உங்களைச் சுற்றி இருக்கிறவர்கள் நடைபாதையிலேயே முழங்காலிடுவார்கள். போனைத் தூக்கிப் பிடித்து நிற்பது உங்களுக்கே கூச்சமாக இருக்கும். மார்கரெட் தெருக் கோயிலின் உட்புறம் வேண்டுமென்றால் வேறொரு நாள் பகலில், பூசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

அன்புடன்