எக்ஸ்ரேயில் ‘செர்விகல் ரிப்’ என்று வந்திருக்கிறது. கை மரத்துப்போக அதுதான் காரணமா? எடுத்துவிட வேண்டுமா?

முதலில் எந்த விரல் மரத்துப்போகிறது என்று பாருங்கள். கேள்வியில் அதை நீங்கள் எழுதவில்லை. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவராக இருப்பீர்கள், ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். ‘இதையெல்லாம் நீ எப்படிச் சொல்லலாம்’ என்று கீழே சண்டைக்கு வருகிறவர்களுக்கு: இது என் கழுத்தில் நடந்த விஷயம்.

ஏழாவது கழுத்தெலும்பிலிருந்து சிலருக்கு ஒரு விலா எலும்பு கூடுதலாக முளைத்திருக்கும், அதுதான் செர்விகல் ரிப். நூறு பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். பெண்களிடம் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாமல் ஆயுசு முடிந்துவிடும். தொந்தரவு வருவது இடநெருக்கடியால்தான். கைக்குப் போகிற நரம்புக் கத்தையும் தமனியும் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு தசைகளுக்கு நடுவே புகுந்து, முதல் விலாவைத் தாண்டி, காறை எலும்புக்கு அடியில் இறங்குகின்றன. அந்தச் சந்தில் கூடுதல் எலும்போ, அதன் நுனியிலிருந்து முதல் விலாவுக்கு ஓடும் நார்ப்பட்டையோ குறுக்கிட்டால் கீழே இருக்கிற நரம்பு அதன்மேல் இழுபடும். தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்பது இதுதான். எக்ஸ்ரேயில் பட்டை தெரியாது. அதனால் ‘எலும்பு சின்னதுதான், ஒன்றும் பண்ணாது’ என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

எனக்கு போர்டின் மேல் வரியில் எழுதும்போது கை கனக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மதமதப்பாகிவிடும், முன்னங்கையின் உள்பக்கம் வலிக்கும். கழுத்துத் தேய்மானம் என்று ஒருவர் காலர் மாட்டிவிட்டார். இன்னொருவர் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, கார்ப்பல் டனல் என்றார். அதில் மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம். எனக்கு நேர் எதிர்ப்பக்கம். சொன்னேன். “நெட்டைப் பார்த்துட்டு வராதீங்க டீச்சர்” என்று பதில் வந்தது.

கடைசியில் ஒரு நரம்பு டாக்டர் என் இரண்டு கைகளையும் மேஜைமேல் மல்லாத்தி வைக்கச் சொன்னார். இடது கையில் கட்டைவிரலின் அடிச்சதை மேடாக இருந்தது. வலது கையில் அந்த இடம் கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி பள்ளம். மதமதப்பு சுண்டுவிரலில், சதை வற்றியது கட்டைவிரலில். இரண்டும் சேர்ந்து வந்தால் கழுத்துக்குக் கீழே பார்க்கணும் என்றார். கில்லியட்-சம்னர் கை என்று இதற்குப் பெயரே இருக்கிறது. எப்போதோ இருமலுக்கு எடுத்த என் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதல் விலாவுக்கு மேலே, இரண்டு பக்கமும், குட்டையாக ஒவ்வோர் எலும்பு. அந்த ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது!

இரண்டு பக்கமும் இருந்தும் இடது கைக்கு இன்றுவரை ஒன்றுமில்லை. உங்கள் கேள்விக்கு என் பதிலே இதுதான். எலும்பு இருப்பது வேறு, வியாதி வேறு.

நரம்புப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. எல்லாம் முடிந்து, காறை எலும்புக்கு மேலே கீறி எலும்பையும் பட்டையையும் எடுத்தார்கள். வலி போய்விட்டது, மதமதப்பும் அநேகமாக இல்லை. வற்றிய சதை மட்டும் திரும்பவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை இப்போதும் இடது கையால்தான் திறக்கிறேன். சதை வற்ற ஆரம்பித்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். சதை நன்றாக இருந்து வலியும் மதமதப்பும் மட்டும் என்றால் முதலில் பிசியோதெரபி. நிறையப் பேருக்கு அதிலேயே குறைகிறது. ஆபரேஷனுக்கு நான் ஆள் பிடிக்கவில்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வாங்கி, அது தலைமையாசிரியர் அறையில் துணி போர்த்தி இருக்கிறது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தால் துணியை எடுப்பார்கள். கையைத் தூக்கி எழுத முடியவில்லை, என் வகுப்பில் மாட்டுங்கள் என்று கேட்டதற்கு, பிள்ளைகள் கீறிவிடுவார்களாம். பிள்ளைகளுக்கு வாங்கியதைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றுகிறார்கள். சரி, விடுங்கள்.

டாக்டர் உங்கள் கையைத் தூக்கி, தலையைத் திருப்பச் சொல்லி, ‘பாருங்க, நாடி நிற்குது’ என்று காட்டினால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க விடாதீர்கள். ஒன்றுமே இல்லாதவர்களில் பலருக்கும் அப்படிக் குறையும். ஆனால் கையைத் தொங்கப் போட்டிருக்கும்போதே விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, நுனியில் கறுப்பாகப் புண் வந்தாலோ அது தமனி சமாச்சாரம். எலும்பு அழுத்திய இடத்தைத் தாண்டித் தமனி வீங்கி, அதில் ரத்தம் உறைந்து விரலுக்குப் போய் அடைக்கும். அப்படி இருந்தால் இங்கே யார் என்ன பதில் எழுதுகிறார்கள் என்று காத்திருக்காமல் இன்றைக்கே ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.